சைனஸுக்கு உடனே ஆபரேஷனா? முன்பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

கேள்வி: எனக்கு 54 வயது, சர்க்கரை உண்டு. மகன் கல்யாணத்துக்காகத் தேவகோட்டையில் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து, சாமான்களை இறக்கித் துடைத்தோம். அடுத்த நாளே மூக்கடைப்பு, மஞ்சள் சளி, கன்னத்தில் வலி. ஐந்தாம் நாள் கொஞ்சம் தேவலாம் போலிருந்தது, மறுபடி அதிகமாகி இன்றோடு 12 நாள். மெடிக்கலில் கொடுத்த செட் மாத்திரைதான் சாப்பிடுகிறேன். ஸ்கேனில் சைனஸ் அடைத்திருக்கிறது, மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது என்று வந்திருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் மதுரையில் பேக்கேஜில் ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்கிறேன், முன்பணம் கட்டுங்கள் என்கிறார். செய்துகொள்ளலாமா?

பதில்: இப்போது ஆபரேஷன் வேண்டாம் ஆச்சி. ஆனால் டாக்டரிடம் போக வேண்டும், நாளைக்கே.

கன்னத்திலும் நெற்றியிலும் மூக்கைச் சுற்றியும் எலும்புக்குள் காற்றறைகள் இருக்கின்றன, அவைதான் சைனஸ். அவற்றின் வாசல் மிகச் சிறியது. சளி பிடித்தாலோ தூசி ஒவ்வாமல் போனாலோ அந்த வாசல் வீங்கி மூடிக்கொள்ளும், உள்ளே ஊறுகிற நீர் வடிய வழியில்லாமல் தேங்கும், அதுதான் வலி. பெரும்பாலும் வைரஸ்தான், பத்து நாளுக்குள் தானாகவே வடிந்துவிடும். சளி மஞ்சளாக, பச்சையாக இருப்பதாலேயே ஆன்டிபயாட்டிக் தேவை என்றில்லை. பத்து நாள் தாண்டியும் குறையவில்லை, அல்லது குறைந்து மறுபடி ஏறுகிறது என்றால்தான் பாக்டீரியா புகுந்திருக்கலாம் என்று சந்தேகப்படுவோம். உங்கள் கதையில் இரண்டும் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய மாத்திரைப் படத்தைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. காகிதப் பொட்டலத்தில் நான்கு மாத்திரை, அட்டையைப் பெயர் தெரியாதபடி கத்தரித்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட செட்டில் பெரும்பாலும் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டாக இருக்கும். இரண்டே நாளில் சுகம் தெரியும், மெடிக்கல்காரர் கைராசிக்காரர் ஆகிவிடுவார், உங்கள் சர்க்கரை மட்டும் எகிறும். செஃபிக்சிம் மாதிரி ஆன்டிபயாட்டிக்கை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 2014 முதல் சட்டம் இருக்கிறது. எந்தக் கடையில் அந்தப் பதிவேட்டைப் பார்த்திருக்கிறீர்கள்? யார் வந்து சோதிக்கிறார்கள்? இனி அந்தப் பொட்டலத்தை வாங்காதீர்கள். மூக்கடைப்புக்கு விடுகிற சைலோமெட்டசோலின் சொட்டு மருந்தும் அப்படித்தான், ஐந்து நாளுக்கு மேல் விட்டால் அதுவே அடைப்பை உண்டாக்கும், அப்புறம் விடவும் முடியாது, நிறுத்தவும் முடியாது.

ஸ்கேனுக்கு வருவோம். சாதாரண சளியோடு இருந்த 31 பேருக்கு ஸ்கேன் எடுத்து 1994ல் ஓர் ஆய்வு வந்தது. 87 சதவீதம் பேருக்குக் கன்னத்துச் சைனஸில் கோளாறு தெரிந்தது. இரண்டு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு ஆன்டிபயாட்டிக் இல்லாமலே சரியாகியோ நன்றாகக் குறைந்தோ இருந்தது. ஆக, சளி இருக்கும்போது படம் எடுத்தால் அடைப்பு தெரியாமல் என்ன செய்யும்? தண்டு வளைவும் எத்தனையோ பேருக்கு இருக்கிறது, அவர்கள் பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். 12 நாளுக்கும் 12 வாரத்துக்கும் வித்தியாசம் உண்டு. 12 வாரம் தாண்டி, மருந்தெல்லாம் ஒழுங்காகப் பார்த்தும் தீராதபோதுதான் ஆபரேஷன் பேச்சு. முன்பணம் கேட்கிறவருக்கு அதில் எவ்வளவு கமிஷன் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். 2021ல் கருப்புப் பூஞ்சை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது கொரோனாவோடு போய்விடவில்லை. சர்க்கரை கட்டுக்கு மீறி இருப்பவர்களுக்கு, அதுவும் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களுக்கு, இப்போதும் வரலாம். முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வீக்கம், கன்னம் மரத்துப்போவது, மூக்கிலோ மேல் அண்ணத்திலோ கருப்பாகப் பொருக்கு, மேல்பல் ஆடுவது, இமை தொங்குவது, பார்வை மங்குவது அல்லது இரண்டாகத் தெரிவது. இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள், கல்யாண வேலையை யாராவது பார்த்துக்கொள்வார்கள். நேரே சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, ராத்திரியானாலும். கண் வீங்கினாலோ, தாங்க முடியாத தலைவலியோடு காய்ச்சல் வந்தாலோ, கழுத்து விறைத்தாலோ, பேச்சு குழறினாலோ சர்க்கரை இல்லாதவர்களும் அப்படித்தான் ஓட வேண்டும்.

இதெல்லாம் இல்லையென்றால் காரைக்குடியிலேயே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். இன்றிரவு, கொதிக்கவைத்து ஆறிய கால் லிட்டர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு கலந்து மூக்கைக் கழுவலாம். குழாய்த் தண்ணீரை அப்படியே விடாதீர்கள். ஆவி பிடிப்பது இதம்தான், மருந்தில்லை. டாக்டர் மூக்கு ஸ்பிரே கொடுத்தால், அதுவும் ஸ்டீராய்டுதானே என்று பயப்பட வேண்டாம், ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. பலன் தெரிய ஓரிரு வாரம் பிடிக்கும். மிச்ச சாமான்களை வேறு யாராவது ஈரத்துணியால் துடைக்கட்டும், விளக்குமாறு வேண்டாம்.

போகும்போது காலையில் பார்த்த சர்க்கரை அளவு, அந்தப் பொட்டலம், எடுத்த ஸ்கேன் மூன்றையும் கொண்டுபோங்கள். இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொன்னால் எதற்கு என்று கேளுங்கள்.