போட்டி மைதானத்தில் குதிரை தண்ணீர் குடிக்கவில்லையா?

வீட்டுத் தண்ணீரையும் அது பழகிய வாளியையும் கூடவே கொண்டுபோங்கள். வீட்டில் நன்றாகக் குடிக்கும் குதிரை போட்டி நடக்கும் இடத்தில் முகர்ந்துவிட்டு முகம் திருப்புவதற்குப் பெரும்பாலும் தண்ணீரின் வாசனை மாறுவதுதான் காரணம், குளோரின் கலந்தது என்றால் கேட்கவே வேண்டாம்.

அவ்வளவையும் ஏற்ற முடியாதென்றால் (ஒரு நாளைக்கு 25 லிட்டராவது வேண்டும்), ஒரு வாரம் முன்பே வீட்டுத் தண்ணீரில் கொஞ்சம் ஆப்பிள் ஜூஸ் கலந்து பழக்குங்கள், அப்புறம் அங்கேயும் அதையே கலக்கலாம். பக்கத்தில் வெறும் தண்ணீர் ஒரு வாளி கட்டாயம் இருக்கட்டும்.

உடம்பில் நீர் குறைந்திருக்கிறதா என்று அறிய, குதிரையின் ஈறை விரலால் அழுத்திப் பாருங்கள்: வெளுத்த இடத்தில் 2 வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். தாமதமானாலோ, தீனியை ஒதுக்கிவிட்டு வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, போட்டியை விட்டுவிட்டு உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

குடிக்காத குதிரைக்கு எலக்ட்ரோலைட் பேஸ்ட் (உப்புச் சத்துகள் அடங்கிய பசை) மட்டும் கொடுத்துவிடாதீர்கள், நீரிழப்பு இன்னும் மோசமாகும்.