முந்தி வெட்டுவது மட்டும் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இடைக்கால ஜெர்மன் வாள் ஆசான் லீக்டனாவரின் மரபில் வந்த நெடுவாள் (இருகை வாள்) சண்டையில் ‘ஃபோர்’, அதாவது ‘முன்’, யாரிடம் இருக்கிறதோ அவரே ஆட்டத்தை நடத்துகிறார் என்று எழுதியிருந்தீர்கள். பயிற்சியில் எப்போதும் நான்தான் முதலில் வெட்டுகிறேன். ஆனாலும் பாதிக்கு மேல் இருவருக்கும் அடி விழுகிறது. ‘இன்டெஸ்’ என்பது ஒரே நேரத்தில் வெட்டுவதா?
க.

அன்புள்ள க.,

இல்லை. இன்டெஸ் என்பது ‘அந்த நொடியிலேயே’: எதிராளி என்ன செய்கிறார் என்பதை வாளில் உணர்ந்த கணமே அதற்கேற்பச் செய்வது. அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் ஃபோர். எதிராளி தடுத்தே ஆகவேண்டும் என்ற நிலைக்கு அவரைத் தள்ளுவதுதான் ஃபோர். உங்கள் வெட்டைச் சட்டை செய்யாமல் அவரும் வெட்டுகிறார் என்றால், நீங்கள் முந்தியும் ஃபோர் உங்களிடம் இல்லை.

பெரும்பாலும் கோளாறு தொலைவில்தான். ஒரே எட்டில் தலையை எட்டும் இடத்துக்கு வருமுன் வாளை ஓங்கினால் அது அவருக்கு விடுக்கும் அழைப்பு. ஓங்கும்போதே கையில் வெட்டுவார். அல்லது உங்கள் வெட்டு எட்டாமல் கீழே போனதும் பின்னாலேயே வருவார். இரண்டுமே ‘நாக்ரைசன்’, பின்தொடர்தல். காலை முதலில் வைத்து வாளைப் பிறகு கொண்டுவந்தாலும் இதே கதிதான். வாள் கிளம்பட்டும், கால் அதன் பின்னே போகட்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் முகக்கவசமும் மழுங்கிய வாளும் தரும் அசட்டுத் துணிச்சல் ஒன்று இருக்கிறது. அதை நம்மால் மாற்ற முடியாது, அதனால் வெட்டும்போதே அவர் வாள் வரும் வழியையும் அடைத்துவிட வேண்டும். ‘ட்சோர்ன்ஹாவ்’ எனும் சினவெட்டு வலது தோளிலிருந்து குறுக்காக இறங்கி அவர் வாளில் மோதும்போது, உங்கள் முனை அவர் முகத்துக்கு நேராக நிற்க வேண்டும். முனை ஒதுங்கியிருந்தால் நீங்கள் ஆளை விட்டு வாளைத் துரத்தியிருக்கிறீர்கள்.

வாள்கள் ஒட்டி நிற்கும் அந்த நொடியில்தான் இன்டெஸ் வேலை செய்கிறது. அவர் அழுத்தம் மென்மையாகத் தெரிந்தால் அப்படியே முகத்தில் குத்துங்கள். பலமாக ஒதுக்கித் தள்ளினால் எதிர்த்துத் தள்ளாதீர்கள். வாளை மேலே உருவி, அவர் முனையைத் தாண்டி மறுபக்கம் தலையில் இறக்குங்கள். தள்ளாமல் உறுதியாக நின்றால், உங்கள் வாளின் அடிப்பாதியால் அவர் வாளின் நுனிப்பாதியைப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியை உயர்த்தி மேலிருந்து குத்துங்கள்.

நியூரம்பெர்க்கில் 3227ஏ என்ற எண்ணில் உள்ள, இந்த மரபைப் பற்றிய பழைய கையெழுத்துப் பிரதி, முதல் வெட்டு பட்டாலும் படாவிட்டாலும் அடுத்த வெட்டு உடனே தொடர வேண்டும் என்கிறது. அதைப் படித்துவிட்டு இரண்டாவது வெட்டை முன்பே தீர்மானித்து வைத்துக்கொள்பவர்கள் உண்டு. சோதித்துப் பாருங்கள்: வாள்களை ஒட்டவைத்தே தொடங்குங்கள், மெல்ல. அழுத்துவதா தளர்த்துவதா என்பதைச் சொல்லாமல் துணைவர் முடிவுசெய்யட்டும். முன்தீர்மானத்தோடு குத்தியிருந்தால், அவர் அழுத்தும்போது உங்கள் முனை தோளுக்கு வெளியே போய் நிற்கும்.