பையனின் முழங்கை வலியைக் கோச்சிடம் சொல்லலாமா?

டாலஸுக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது, 11 வயதுப் பையன் பேஸ்பாலில் பிட்சராகிவிட்டான் (பேட் செய்பவனுக்குப் பந்து எறிகிறவன்), சனிக்கிழமை உள்ளூர்ச் சிறுவர் ஆட்டமான லிட்டில் லீக், ஞாயிற்றுக்கிழமை ஊர் ஊராகப் போய் ஆடும் டிராவல் டீம் என்று இரண்டு நாளும் எறிகிறான், இப்போது முழங்கையின் உள்பக்கம் வலிக்கிறது என்கிறான், கோச்சிடம் சொன்னால் டீமை விட்டு எடுத்துவிடுவாரோ என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லுங்கள் தம்பி, இன்றைக்கே. டாக்டர் சரி என்கிற வரைக்கும் அவன் பந்து எறிய வேண்டாம். தைலம் தேய்த்து, மாத்திரை கொடுத்து மைதானத்துக்கு அனுப்பிவிடாதீர்கள்.

நான் டாலஸுக்குப் பக்கத்தில் பிளேனோவுக்கு வந்து 18 வருடம் ஆகிறது. என் மூத்தவனும் இதே வயதில் இரண்டு டீமில் ஆடினான். எனக்குக் கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். வாத்தியாரை எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். கோச் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமை 70 பந்து, மறுநாள் இன்னொரு டீமுக்கு 50. அவரவர் கணக்கில் இரண்டு கோச்சுகளும் வரம்புக்குள்தான் இருந்தார்கள். ஒருவர் கணக்கு மற்றவருக்குத் தெரியாது. இரண்டையும் பார்த்தவன் நான் ஒருவன்தான், நான் கூட்டவில்லை. ஜூன் கடைசியில் ஒரு நாள் காலையில் அவன் இடது கையால் பல் தேய்ப்பதைப் பார்த்தேன். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் நுனியில் இன்னும் குருத்தெலும்புதான் இருக்கும், ஒவ்வொரு எறிதலிலும் அந்த இடம் இழுபட்டுப் புண்ணாகியிருக்கிறது என்றார் டாக்டர். மூன்று மாதம் அவன் பந்தைத் தொடவில்லை. வலியை ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "எறியாவிட்டால் என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்களே அப்பா" என்றான். புது ஊரில் பிள்ளைக்கு அந்த டீம் எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அதனால் ஆட்டம் புரியாவிட்டாலும் பந்தை எண்ணுங்கள். தொழில்முறை ஆட்டங்களை நடத்தும் மேஜர் லீக் பேஸ்பாலும், அமெரிக்காவின் தேசிய பேஸ்பால் அமைப்பான யுஎஸ்ஏ பேஸ்பாலும் 2014-இல் வெளியிட்ட 'பிட்ச் ஸ்மார்ட்' கணக்குப்படி 11, 12 வயதுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 85 பந்து. 21 முதல் 35 வரை எறிந்தால் 1 நாள் ஓய்வு, 50 வரை 2, 65 வரை 3, அதற்கு மேல் போனால் 4 நாள். லிட்டில் லீக்கில் 41 பந்தோ அதற்கு மேலோ எறிந்த பையனை அன்றைக்குக் கேட்சராகவும் (கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் மாதிரி) நிறுத்தக் கூடாது. பிடித்த பந்தைத் திருப்பி அனுப்பும் கேட்சரும் ஓயாமல் எறிகிறவன்தானே. வருடத்தில் 4 மாதமாவது எறியாமல் இருக்க வேண்டும் என்றும் பிட்ச் ஸ்மார்ட் சொல்கிறது. டெக்ஸஸ் வெயிலில் ஏறக்குறைய வருடம் முழுக்க ஆட முடிவதால் இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இன்னொன்று, ஆட்டத்துக்கு முன் எறியும் பயிற்சிப் பந்துகள் இந்தக் கணக்கில் வராது. கைக்கு அதுவும் உழைப்புதான்.

முழங்கைத் தசைநார் அறுந்தால் செய்யும் டாமி ஜான் அறுவை சிகிச்சை 1974-இல் முதலில் நடந்தது அதே பெயருள்ள 31 வயதுத் தொழில்முறை பிட்சருக்கு. இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கே செய்கிறார்கள்.

கை சரியாகித் திரும்பி ஆடும்போது, ஞாயிறு காலையிலேயே கோச்சுக்கு மெசேஜ் அனுப்பிவிடுங்கள்: "நேற்று 62 பந்து எறிந்தான். புதன்கிழமைக்கு முன் பிட்ச் செய்ய மாட்டான். ஃபர்ஸ்ட் பேஸில் நிற்பான், பேட்டிங் செய்வான்." (ஃபர்ஸ்ட் பேஸ் என்பது ஃபீல்டிங்கில் அதிகம் எறிய வேண்டியிராத ஓர் இடம்.) அனுமதி கேட்கிற மாதிரி எழுத வேண்டாம். லிட்டில் லீக் கோச்சுகள் பெரும்பாலும் நம்மைப் போலப் பெற்றோர்கள்தான், சம்பளமில்லாமல் வருகிறவர்கள். எண்ணிக்கையோடு சொன்னால் பலரும் ஏற்றுக்கொள்வார்கள். ஏற்காத டிராவல் டீமை விட்டு நாங்கள் விலகினோம். அடுத்த சீசனிலேயே வேறு டீம் கிடைத்தது.

அப்புறம், இந்த வாரம் டாக்டரிடம் போகும்போது கடந்த ஒரு மாதத்தில் எந்த நாளில் எந்த டீமுக்கு எத்தனை பந்து எறிந்தான் என்று நினைவுள்ளவரை எழுதி எடுத்துப் போங்கள். எங்கள் டாக்டர் முதலில் கேட்டது அதைத்தான்.