ரீல் காய்ந்திருக்கிறதா? வீட்டில் ஃபிலிம் ஏற்றுவது பற்றிக் கேள்வி பதில்

வடசென்னையில் ஃபிலிம் கேமராவோடு சுற்றுகிறவர்களில் பலருக்கு, எடுத்த ரோலை வீட்டிலேயே கழுவிப் பார்க்கும் ஆசை வந்திருக்கிறது. வந்த கேள்விகளில் முக்கால்வாசி, மருந்து ஊற்றுவதற்கு முந்தைய சில நிமிடங்களைப் பற்றியவை. ஃபிலிமை இருட்டில், அதைச் சுருளாகத் தாங்கும் ரீலில் ஏற்றி, மூடினால் ஒளி புகாத டேங்கில் வைக்கும் அந்த வேலையில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். ராயபுரத்தில் என் வீட்டுக் குளியலறையில் எனக்குக் கைகொடுப்பதையே இங்கே எழுதுகிறேன்.

தண்டையார்பேட்டை, கல்லூரி மாணவர்: அக்கா, பாட்டர்சன் டேங்க் வாங்கினேன். பாதி ஃபிலிம் ஏறியதும் ரீல் அப்படியே நின்றுவிடுகிறது. அழுத்தித் திருப்பினால் 'கரக்' என்று சத்தம் வருகிறது. என்ன செய்வது?

முதலில் அழுத்துவதை நிறுத்துங்கள் தம்பி. ஃபிலிம் தடத்தை விட்டு விலகி மடியும்போதோ, ஓரத் துளை கிழியும்போதோதான் அந்தச் சத்தம் வரும். அதற்கு மேல் பலம் காட்டினால் படம்தான் போகும்.

நம் ஊரில் இதற்குக் காரணம் பெரும்பாலும் ஈரம். ஃபிலிமின் மேல் இருப்பது ஜெலட்டின் பூச்சு. ஈரம் பட்டால் அது ஊறும், ஒட்டும். பிளாஸ்டிக் ரீலின் நுழைவாயில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்ன எஃகுக் குண்டு இருக்கிறது. ரீலை முன்னும் பின்னும் திருப்பும்போது ஒரு பக்கத்துக் குண்டு ஃபிலிமைப் பிடிக்கும், மறு பக்கத்துக் குண்டு விடும். மாறி மாறி இப்படித்தான் ஃபிலிம் உள்ளே போகிறது. குண்டு உட்காரும் குழியில் துளி ஈரம் இருந்தால் அது உருளாது, ஃபிலிமும் நகராது. அதனால் ஏற்றுவதற்கு முன் ரீலைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். இரண்டு குண்டும் கிலுகிலுவென்று சத்தம் போட வேண்டும். ஒரு பக்கம் ஊமையாக இருந்தால் அன்றைக்கு அந்த ரீல் வேண்டாம். முந்தின ரோலைக் கழுவிவிட்டு அதே ரீலில் அடுத்ததை ஏற்ற நினைப்பவர்கள் ஒன்று இரண்டாவது ரீல் வாங்குங்கள், இல்லாவிட்டால் மறுநாள் வரை பொறுங்கள்.

அடுத்தது கத்தரி. ஃபிலிமின் நாக்கை, அதாவது முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குறுகிய முனையை, நேராக வெட்டி எடுக்கும்போது வெட்டு இரண்டு துளைகளுக்கு நடுவில் விழ வேண்டும். துளை மேலேயே வெட்டினால் அந்தப் பிசிறு போகிற வழியெல்லாம் மாட்டும். வெட்டியபின் இரண்டு மூலைகளையும் நகம் வெட்டுவதுபோல் லேசாக உருட்டிவிடுங்கள். 36 படம் உள்ள ரோல் ஏறக்குறைய 1.6 மீட்டர் நீளம். முதல் மூலை சரியாக இருந்தால் மிச்சம் தானாகப் போகும்.

எல்லாம் செய்தும் நடுவில் நின்றுவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது. ரீலின் இரண்டு பாதியையும் எதிர்ப்பக்கம் திருகிப் பிரித்து, ஃபிலிமை எடுத்துத் தளர்வாகச் சுருட்டி, அப்படியே டேங்குக்குள் போடுங்கள். ரீல் மாட்டும் நடுக்குழாயை மறக்காமல் வைத்து மூடியைத் திருகுங்கள். இனி விளக்கைப் போடலாம். வெளியே வாருங்கள், ஃபேனுக்குக் கீழே நில்லுங்கள், கையையும் ரீலையும் நன்றாகக் காயவைத்துவிட்டு மறுபடி உள்ளே போங்கள். இருட்டில் பதறிப்போய்ச் செய்வதுதான் கெடுக்கிறது. மூடிய டேங்கில் ஃபிலிம் நாள் முழுக்க இருந்தாலும் ஒன்றும் ஆகாது.

வியாசர்பாடி: எங்கள் வீடு ஒரே அறை. ஆட்கள் நான்கு பேர். எங்கே போய் இருட்டைத் தேடுவது?

குளியலறை போதும், அதுவும் ராத்திரியில். வெண்டிலேட்டர் சட்டத்தில் அலுமினிய ஃபாயிலோ கறுப்பு சார்ட் பேப்பரோ ஒட்டுங்கள். கதவிடுக்கில் பழைய துண்டை மடித்துச் செருகுங்கள். விளக்கை அணைத்துவிட்டு உடனே வேலையைத் தொடங்காதீர்கள். ட்யூப் லைட் அணைந்த பிறகும் சற்று நேரம் மங்கலாக ஒளிரும். பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் தாளை முகத்துக்கு முன் பிடித்துப் பாருங்கள். தாள் தெரிந்தால் இருட்டு போதாது. ஒளி எங்கிருந்து வருகிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். கீசரின் சிவப்புப் புள்ளி, கொசு மருந்து மெஷினின் விளக்கு, ரேடியம் முள் உள்ள கைக்கடிகாரம், சட்டைப் பையில் இருக்கும் மொபைல், இவையெல்லாம் எதிரிகள். யாராவது குளித்த கையோடு மட்டும் உள்ளே போகாதீர்கள். அந்த ஈரக்காற்றில் எந்த ரீலும் ஓடாது.

காசிமேடு: கையை மட்டும் உள்ளே விட்டு வேலை செய்யும், ஒளி புகாத சேஞ்சிங் பேக் வாங்கினால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே?

அதில் வேறு தொல்லை. இரண்டு கையையும் முழங்கை வரை விட்டு, எலாஸ்டிக் இறுக்கிப் பிடித்தபின், ஐந்தாறு நிமிடத்தில் உள்ளே வேர்த்துவிடும். சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த வேர்வைதான் நேராக ஃபிலிமுக்குப் போகிறது. பையை விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

பைதான் வேண்டும் என்றால் சில யோசனைகள். பைக்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்து, அதற்குள் வேலை செய்யுங்கள். துணி கையில் வந்து விழாது, உள்ளே காற்றும் கொஞ்சம் தங்கும். விடியற்காலையில் செய்யுங்கள். ஏசி அறை உள்ள நண்பர் இருந்தால் பையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுங்கள், அரை மணி நேரத்தில் எல்லாம் காய்ந்துவிடும். பவுடர் போட்டுக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம், அது படத்தில் புள்ளி புள்ளியாக உட்காரும். மெல்லிய ரப்பர் கையுறை போட்டால் வேர்வை உள்ளேயே நின்றுவிடும், ஆனால் விரலுக்கு உணர்ச்சி கொஞ்சம் குறையும்.

ஃபிலிமை ஃப்ரிட்ஜில் வைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எடுத்த உடனே டப்பாவைத் திறக்காதீர்கள். நம் காற்றில் குளிர்ந்த பொருள் மேல் நொடியில் நீர் கோத்துக்கொள்ளும். மூடியபடியே இரண்டு மணி நேரம் வெளியே வையுங்கள்.

கொருக்குப்பேட்டை: சிவப்பு பல்பு போட்டுக்கொள்ளலாமா? சினிமாவில் எல்லாம் அப்படித்தானே காட்டுகிறார்கள்?

அது பிரிண்ட் போடும் காகிதத்துக்கு. நாம் வாங்கும் எச்பி5, ட்ரை-எக்ஸ் போன்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம்கள் எல்லா நிறத்தையும் பார்க்கும், சிவப்பையும்தான். முழு இருட்டு வேண்டும்.

பழைய வண்ணாரப்பேட்டை: ஃபிலிம் சுற்றியிருக்கும் உலோக டப்பாவை இருட்டில் திறக்கவே முடியவில்லை. பல்லால் கடிக்கலாமா என்று இருக்கிறது.

பல்லை விட்டுவிடுங்கள். சோடா பாட்டில் ஓப்பனர் போதும். தட்டையான பக்கத்து மூடியை நெம்பினால் கழன்று வரும். அதைவிடச் சுலபம், கேமராவில் சுற்றும்போது நாக்கு முழுக்க உள்ளே போகவிடாமல் நிறுத்திவிடுவது. கைப்பிடியில் இறுக்கம் விட்டதும் நிறுத்தினால் நாக்கு வெளியே நிற்கும். அப்படி நின்றால் வெட்டுவது, மூலை உருட்டுவது, ரீலில் முதல் இரண்டு அங்குலம் நுழைப்பது எல்லாம் வெளிச்சத்திலேயே முடியும். பிறகு விளக்கை அணைத்துத் திருப்பினால் போதும். பாலியெஸ்டர் அடித்தளம் உள்ள ஃபிலிம் என்றால் மட்டும் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒளி நாக்கு வழியாக உள்ளே ஊர்ந்துவிடும். அது கையால் கிழியவும் கிழியாது, கடைசியில் டப்பாவின் நடு அச்சான ஸ்பூலிலிருந்து பிரிக்கக் கத்தரி வேண்டும்.

பெரம்பூர்: பழைய பொருள் கடையில் ஸ்டீல் ரீல் மலிவாகக் கிடைத்தது. நல்லதா?

நேராக இருந்தால் பிளாஸ்டிக்கைவிட நல்லது. கம்பி, கொசுவத்திச் சுருள் மாதிரி இரண்டு பக்கமும் ஓடும். அதில் ஃபிலிமை நடுவிலிருந்து வெளியே ஏற்ற வேண்டும். நுனியை நடுவில் உள்ள கிளிப்பில் மாட்டி, கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் ஃபிலிமை லேசாக வளைத்துப் பிடித்து, ரீலைச் சுழற்றுங்கள். தானாகப் போய்ப் படியும். ஈரத்தைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. துடைத்துவிட்டு உடனே அடுத்த ரோலை ஏற்றலாம். நம் ஊருக்கு இதுதான் சரி என்பது என் கட்சி. பழகக் கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான்.

ஆனால் ஒருமுறை கீழே விழுந்து நெளிந்த ரீல் என்றால் காசைத் தண்ணீரில் போட்டதுதான். வாங்குமுன் மேசையில் உருட்டிப் பாருங்கள். தள்ளாடினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

திருவொற்றியூர்: கழுவியபின் சில இடங்களில் மங்கலான ஊதாத் திட்டுகள். மருந்து கெட்டுப்போனதா?

மருந்து கெட்டிருந்தால் ரோல் முழுக்கத் தெரியும். இங்கே இரண்டு சுற்று ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறது, நடுவில் படத்தை வரவைக்கும் டெவலப்பரும் போகவில்லை, அதை நிலைநிறுத்தும் ஃபிக்சரும் போகவில்லை. மறுபடி ஃபிக்சரில் போட்டால் திட்டு வெளுக்கும், அந்த இடத்துப் படம் திரும்பாது. பிறை வடிவக் கருங்கோடுகள் தெரிந்தால் அது வேறு, ஏற்றும்போது ஃபிலிமை விரலால் மடித்திருக்கிறீர்கள்.

எண்ணூர்: காகிதத்தோடு சுற்றி வரும் அகலமான 120 ரோலுக்கு என்ன வித்தியாசம்?

காகிதத்தை விரித்துக்கொண்டே வந்தால் நடுவில் ஃபிலிம் தட்டுப்படும். முடிவில் அது காகிதத்தோடு டேப்பால் ஒட்டியிருக்கும். அந்த டேப்பைப் படக்கென்று இழுக்காதீர்கள். பசை பிரியும்போதே மினுக்கென்று ஒளி வரும், இருட்டில் கண்ணாலேயே பார்க்கலாம். மெதுவாக உரியுங்கள். உரித்த டேப்பை நுனியின் மேலேயே மடித்து ஒட்டி அந்த முனையை முதலில் நுழைத்தால் கொஞ்சம் விறைப்பாக நிற்கும், ரீலில் எளிதாகப் போகும். ரீலை அகலத்துக்கு ஏற்ப விரிக்க மறக்காதீர்கள். 35 மில்லிமீட்டருக்கு 290 மில்லி மருந்து போதும், 120-க்கு 500 மில்லி வேண்டும்.

மணலி: நடுக்குழாய் வைக்காமல் மூடிவிட்டேன். பரவாயில்லையா?

விளக்கைப் போட்டிருந்தால் ரோல் போயிற்று. ஒளியைத் தடுப்பதே மூடியும் அந்தக் குழாயும் சேர்ந்துதான். மூடி மட்டும் இருந்தால் அது வெறும் புனல்.

ராயபுரம்: தாத்தாவின் பெட்டியில் எடுத்து முடித்த ஒரு 'இந்து' ரோல் கிடைத்தது. கழுவலாமா?

ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் செய்தது. 1960-ல் தொடங்கிய அந்த அரசு நிறுவனம் இப்போது இல்லை. கழுவலாம், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டு இறுகச் சுற்றி இருந்த ஃபிலிம் கையை விட்டால் சுருண்டுகொள்ளும். பிளாஸ்டிக் ரீலில் அது அடிக்கடி தடம் மாறும், ஸ்டீல் ரீலில் நிதானமாக ஏற்றுங்கள். நிமிர்த்துவதற்காக எதிர்ப்பக்கம் மடிக்காதீர்கள், பூச்சு வெடிக்கும். பழசானதால் படத்தின் மேல் மூட்டம் நிறைய இருக்கும், அதில் தாத்தா தெரிந்தால் லாபம்.

மறுபடி தண்டையார்பேட்டை: ஏற்றியாகிவிட்டது. குழாய்த் தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் இருக்கிறதே?

எச்பி5 ஃபிலிமுக்கு ஐடி-11 டெவலப்பரைத் தண்ணீரோடு ஒன்றுக்கு ஒன்று கலந்தால் 20 டிகிரியில் 13 நிமிடம், 24 டிகிரியில் சுமார் 9. வாளியில் ஐஸ் போட்டு மருந்து பாட்டில்களை நிறுத்தி 24-க்குக் கொண்டுவந்தால் நமக்குப் போதும். ஃபிக்சரும் கழுவும் தண்ணீரும் அதை ஒட்டியே இருக்கட்டும். கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர். நம் பக்கத்து போர் தண்ணீரின் உப்பு, காய்ந்தபின் கோடு கோடாக நிற்கும். நீர்த்துளி நிற்காமல் வழிவதற்காகக் கடைசியில் சேர்க்கும் சோப்புத் தன்மையுள்ள மருந்தை ரீலோடு சேர்த்து ஊற்றாதீர்கள், ஃபிலிமைத் தனியே எடுத்து நனையுங்கள். ரீலில் அது படிந்தால் அடுத்த முறை பிசுபிசுக்கும். ஏற்கெனவே படிந்திருந்தால் வெந்நீரும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும்.

பழகிப் பார்க்க வீணான ரோல் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு: காலாவதியான கலர் ரோல் எதுவானாலும் சரி. முதலில் கண்ணைத் திறந்து, அப்புறம் மூடிக்கொண்டு, அப்புறம் இருட்டில். என்னிடம் சில கிடக்கின்றன, ராயபுரம் பக்கம் வருகிறவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.