கேபிளை எடுத்துவிட்டு ஒன்பது மாதம்

கேபிள் இணைப்பை எடுத்துவிட்டு ஓடிடி மட்டும் வைத்துக்கொண்டால் பணம் மிச்சமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் ஒன்பது மாதம் அப்படி இருந்து பார்த்தோம். மிச்சமாகவில்லை. ஆனால் கேபிளைத் திரும்ப வாங்கியதற்குக் காரணம் பணமல்ல.

முதலில் கணக்கு. 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்த காலத்தில் இப்படி ஒரு கேள்வியே எழுந்திருக்காது. 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்ததும் அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், ஜிஎஸ்டியோடு 153 ரூபாய் 40 காசு என்றானது. கட்டணச் சேனல்களுக்குத் தனிக்காசு. எங்கள் வீட்டுக்குக் கடைசியாக மாதம் 280 வந்தது. அதை மிச்சப்படுத்தப் புறப்பட்ட நான் பிராட்பேண்டுக்கு வரியோடு 589, நெட்ஃபிளிக்ஸுக்கு 199, ஆண்டுக்கு 1,499 என்ற கணக்கில் அமேசான் பிரைமுக்கு மாதம் 125 என்று கட்டத் தொடங்கினேன். அம்மாவின் தொடர்கள் இரண்டு சேனல்களில் வருவதால் அவற்றுக்கு இரண்டு செயலிகள். மொத்தம் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. பிராட்பேண்ட் எப்படியும் பையனின் படிப்புக்கு வேண்டும் என்று அதைக் கழித்துத்தான் மனைவியிடம் கணக்குக் காட்டினேன். அப்போதும் கேபிளைவிடக் கூடுதலாகத்தான் இருந்தது.

லாபம் இல்லாமலில்லை. இரவு பதினொரு மணிக்கு நினைத்த படம், தமிழ் வசனத்தோடு மலையாளப் படங்கள். கிரிக்கெட்தான் கெட்டது. இணையத்தில் நேரலையைச் சிறு துண்டுகளாக வெட்டி அனுப்புகிறார்கள். நம் டிவி சில துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகே காட்டுகிறது. கேபிள் வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் கூச்சல் கேட்கும்போது எங்கள் வீட்டில் பந்துவீச்சாளர் இன்னும் ஓடியே வந்திருக்கமாட்டார்.

அம்மாவுக்கு வயது 72. கண்ணாடி போடாமல், ரிமோட்டைப் பார்க்காமல், விரலாலேயே மூன்று இலக்கச் சேனல் எண்ணை அழுத்துவார். புது ரிமோட்டில் எண்களே இல்லை. வரிசை வரிசையாகப் படங்கள். அந்த வரிசையும் வாரத்துக்கு வாரம் இடம் மாறும். ஒரு செயலி திறந்தவுடன் யார் பார்ப்பது என்று கேட்கும். "யார் என்று கேட்கிறதே, நான் என்னப்பா சொல்ல வேண்டும்?" என்றார் முதல் நாள். நாங்கள் சிரித்தோம். பிறகு இரவு எட்டு மணிக்குப் பேரன் தொடரைப் போட்டுக் கொடுப்பது வழக்கமானது. அவன் டியூஷனுக்குப் போன நாட்களில் அம்மா எங்களிடம் போட்டுத் தரச் சொல்லிக் கேட்பார். இரண்டு மாதத்தில் கேட்பதும் நின்றது. "இப்போதெல்லாம் கதையை இழுக்கிறார்கள், எனக்குப் பிடிக்கவில்லை" என்றார். நம்பிவிட்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா மாடியில் துணி எடுக்கும்போது என் மனைவியிடம், "அத்தை எட்டு மணிக்கு எங்கள் வீட்டில்தான் இருப்பார்கள், தேடாதீர்கள்" என்றிருக்கிறார். மாலையில் கோயிலுக்குப் போய்வர நேரமாகிறது என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மறுநாளே கேபிள்காரரை அழைத்தேன். பழைய பெட்டி பரணிலேயே இருந்ததால் செலவு பெரிதாக இல்லை. பிராட்பேண்டும் அவரிடம் வாங்கியதுதான் என்பதால் நான் போனபோதும் அவருக்கு வருத்தமில்லை, திரும்பியபோதும் வியப்பில்லை.

உங்கள் வீட்டில் எல்லோரும் கைபேசியில் பழகியவர்கள் என்றால் தாராளமாக மாறுங்கள். பெரியவர்கள் இருந்தால், கேபிளை எடுப்பதற்கு முன் யாரும் பார்க்காத கட்டணச் சேனல்களை நீக்கிப் பாருங்கள். எங்கள் பில் அதிலேயே 60 ரூபாய் இறங்கியது. தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணம் கிடையாது, ஆனால் அம்மா பார்க்கும் தொடர்கள் அதில் வராது. இப்போது எங்கள் வீட்டில் கேபிளும் ஓடிடியும் சேர்ந்தே ஓடுகின்றன. அம்மாவுக்காக வாங்கிய இரண்டு செயலிகளை மட்டும் நிறுத்திவிட்டேன்.