அமெரிக்காவில் புதிதாக டிரக் கம்பெனி தொடங்கினால் வரும் சேஃப்டி ஆடிட் எப்படி இருக்கும்? ஒரே வண்டி வைத்திருப்பவருக்கும் உண்டா?

உண்டு. ஒரே வண்டி, முதலாளியே டிரைவர் என்றாலும் உண்டு.

நான் டிரக் ஓட்டுகிறவள் இல்லை. டெக்சாஸில் என் கணவரும் கொழுந்தனும் இரண்டு டிரக் வைத்து ஓட்டுகிறார்கள். பில், ஃபைல், ஃபோன் எல்லாம் என் பொறுப்பு. ஆடிட்டுக்குப் பதில் சொன்னதும் நான்தான்.

ஆடிட்டர் வந்து டயரைத் தட்டிப் பார்ப்பார், பிரேக்கைச் சோதிப்பார் என்று நாங்கள் வண்டியைக் கழுவி வைத்திருந்தோம். அவர் வண்டியைப் பார்க்கவே இல்லை. என்னென்ன வேண்டும் என்று பட்டியல் வந்தது, ஸ்கேன் செய்து ஏற்றினேன், பிறகு ஃபோனில் கேள்விகள். அவர் கேட்டதில் பாதி தேதிகள்தான்.

பதிவு செய்வது அலைச்சலே தவிர, கஷ்டமில்லை. மாநிலம் விட்டு மாநிலம் அடுத்தவர் சரக்கை ஏற்றுவதானால், டிரக் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான எஃப்எம்சிஎஸ்ஏ-விடம் கம்பெனியின் அடையாள எண்ணான டாட் நம்பரும், எம்சி நம்பர் என்று எல்லோரும் சொல்லும் ஆபரேட்டிங் அத்தாரிட்டி என்ற அனுமதியும் வாங்க வேண்டும். அத்தாரிட்டிக்கு 300 டாலர். மாநிலந்தோறும் உங்கள் சார்பில் கோர்ட் நோட்டீஸ் வாங்கிக்கொள்ள ஏஜெண்ட் வைத்ததற்கு பிஓசி-3 என்ற படிவம் தாக்கலாக வேண்டும். இன்சூரன்ஸ் சான்றை இன்சூரன்ஸ் கம்பெனியே நேரடியாக அனுப்பும். இந்த இரண்டும் ஏறாமல் அத்தாரிட்டி ஆக்டிவ் ஆகாது. பெரிய வண்டியில் சாதாரணச் சரக்கு ஏற்ற சட்டம் கேட்பது 7,50,000 டாலர் காப்பீடு. ஆனால் லோடு பிடித்துத் தரும் புரோக்கர்கள் பெரும்பாலானோர் 10 லட்சம் இல்லாமல் லோடு தர மாட்டார்கள். அப்புறம் ஆண்டுப் பதிவுக் கட்டணமான யூசிஆர், பல மாநிலங்களில் ஓட்ட ஐஆர்பி பிளேட், மாநிலங்களுக்கான டீசல் வரிக் கணக்கான இஃப்டா, கனரக வண்டிக்கான 2290 வரி. இவை பணம் கட்டினால் முடிகிற வேலைகள்.

அதற்குப் பிறகு 18 மாதம் நீங்கள் புதுக் கம்பெனி என்ற கண்காணிப்பில் இருப்பீர்கள். சரக்கு வண்டிகளுக்கு முதல் 12 மாதத்துக்குள் ஆடிட் வரும்.

இதில் பிறகு சரிசெய்ய முடியாத ஒரு இடம் உண்டு. கொழுந்தன் ஒரு வியாழக்கிழமை போதைப்பொருள் டெஸ்ட்டுக்கு சாம்பிள் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாளே நல்ல ரேட்டில் ஒரு லோடு. "டெஸ்ட்தான் கொடுத்தாச்சே, அண்ணி" என்று சாவியை எடுத்துவிட்டார். ரிசல்ட் கைக்கு வராமல் ஓட்டக்கூடாது என்று நான் விடவில்லை. லோடு போனது, வீட்டில் இரண்டு நாள் பேச்சு இல்லை. திங்கட்கிழமை ரிசல்ட் வந்தது. ஆடிட்டர் அவரைப் பற்றி முதலில் கேட்டதே, ரிசல்ட் வந்த தேதி எது, முதல் டிரிப் தேதி எது என்றுதான்.

ஒன்று நடந்தாலே ஃபெயில் என்று 16 விஷயங்கள் இருப்பதாகச் சொல்வார்கள். பெரும்பாலானவற்றுக்கு அது சரி: டெஸ்டிங் ஏற்பாடே இல்லாதது, சரியான சிடிஎல் (கனரக வண்டி லைசென்ஸ்) இல்லாதவரைத் தெரிந்தே ஓட்ட விட்டது, தேவையான காப்பீடு இல்லாமல் ஓடியது போன்றவை. தனி ஆளாக ஓட்டுபவர் மாட்டுவது ரேண்டம் டெஸ்ட்டில், அதாவது முன்னறிவிப்பில்லாமல் குலுக்கலில் வரும் போதைப்பொருள், மது டெஸ்ட்டில். நானே முதலாளி, எனக்கு நானே எப்படி ரேண்டம் வைப்பது என்று விட்டுவிடுகிறார். அதற்குத்தான் கன்சார்ட்டியம், பல கம்பெனி டிரைவர்களைச் சேர்த்து டெஸ்ட் நடத்தும் அமைப்பு. அதில் சேர்ந்து, டிரைவர்களின் டெஸ்ட் விவரம் வைக்கும் அரசின் கிளியரிங்ஹவுஸ் தளத்தில் அதன் பெயரைப் பதிய வேண்டும். ஓட்டிய, ஓய்வெடுத்த நேரக் கணக்கான லாக் எழுதாததும் ஆண்டுச் சோதனை இல்லாத வண்டியை ஓட்டியதும் மட்டும், பார்த்த ரெக்கார்டுகளில் 51 சதவீதம் தவறாக இருந்தால்தான் தானாக ஃபெயில். கேட்க ஆறுதலாக இருக்கும். ஆனால் ஒரு டிரக்கும் ஒரு டிரெய்லரும் வைத்திருப்பவருக்கு ஒன்றில் தவறினாலே 50 சதவீதம் வந்துவிடும். டிரக்குக்கு ஆண்டுச் சோதனை செய்துவிட்டு டிரெய்லரை மறப்பவர்கள் நிறைய. அதற்கும் தனியாக வேண்டும்.

எங்கள் மானம் போனது லாகில். என் கணவர் இரவு 2.10-க்கு டீசல் போட்ட ரசீதை நானே ஏற்றியிருந்தேன். அதே நேரத்தில், லாகைப் பதியும் கருவியான இஎல்டி அவர் ஸ்லீப்பரில் (வண்டியின் படுக்கையில்) தூங்குவதாகக் காட்டியது. ஸ்டேட்டஸ் மாற்ற மறந்திருக்கிறார். ஆடிட்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்து, "டீசல் போட்டது யார்?" என்று அமைதியாகக் கேட்டார். அதற்காக ஃபெயில் ஆக்கவில்லை, குறித்துக்கொண்டார். அன்றிலிருந்து ரசீதையும் லாகையும் வாரம் ஒருமுறை ஒத்துப் பார்க்கிறேன்.

ஃபெயில் ஆனால் கதை முடிந்துவிடாது. பயணிகளும் அபாயச் சரக்கும் ஏற்றாதவர்களுக்கு 60 நாள் அவகாசம். தவறை எப்படித் திருத்தினோம் என்று எழுதி, ஆதாரத்தோடு அனுப்ப வேண்டும். அவர்கள் ஏற்காவிட்டால் பதிவு ரத்து. உடனே மச்சான் பெயரில் புதுக் கம்பெனி திறக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதற்குப் பெயர் பச்சோந்திக் கம்பெனி. முகவரி, வண்டி, டிரைவர் எல்லாம் ஒத்துப்போவதை வைத்தே பிடிக்கிறார்கள்.

கடைசியாக, டாட் நம்பர் வந்ததும் உங்கள் விவரம் எல்லோரும் பார்க்கிற இடத்தில் வந்துவிடும். அதைப் பார்த்துச் சிலர் அரசாங்கம் போலவே பேசி, ஆடிட்டுக்குப் பணம் கட்டச் சொல்வார்கள். ஆடிட்டுக்கு எஃப்எம்சிஎஸ்ஏ ஒரு சென்ட்கூட வாங்குவதில்லை. எனக்கு முதல் வாரமே அப்படி மூன்று கடிதம் வந்தது, ஒன்றில் கழுகு முத்திரைகூட இருந்தது.