மஸ்கடே வைன் இனிப்பானதா? எந்த உணவோடு பொருந்தும்?

இனிப்பே கிடையாது. இனிப்பு வைனுக்குப் பேர்போன மஸ்கட் திராட்சையின் பெயர் போல ஒலிப்பதால் பலருக்கும் இந்தக் குழப்பம் வரும். மஸ்கடே, பிரான்சின் மேற்கே நான்ட் நகரைச் சுற்றி விளையும் ‘மெலோன் த பூர்கோன்’ திராட்சையில் செய்வது. 1709-இன் கடுங்குளிரில் அங்கே கொடிகள் பட்டுப்போனபின், குளிர் தாங்கும் ரகம் என்பதால் இது பரவியது.

வாங்கும்போது லேபிளில் ‘சுர் லீ’ என்று இருக்கிறதா பாருங்கள். நொதித்தபின் அடியில் தங்கும் ஈஸ்ட் மண்டியைப் பிரிக்காமல், குளிர்காலம் முழுக்க அதன் மேலேயே வைனை விட்டுவைத்தார்கள் என்று அர்த்தம். நாக்கில் கொஞ்சம் திரட்சியும் லேசான ரொட்டி வாசனையும் அதனால்தான் கிடைக்கின்றன.

சரி, உணவு? முதலில், வேகவைக்காமல் பச்சையாகவே சாப்பிடும் சிப்பிதான். எலுமிச்சை பிழிந்தால் என்ன நடக்குமோ, அதையே இதன் புளிப்பு செய்துவிடுகிறது. ஆல்கஹால் 12 சதவீதம் அளவில்தான் என்பதால் சிப்பியின் கடல் சுவையை அமுக்காது. என்னைக் கேட்டால் இதைவிடப் பொருத்தமான ஜோடி இல்லை. அப்புறம், சின்ன வெங்காயத்தோடு இதே வைனை ஊற்றி வேகவைத்த மட்டி. நான்ட் பக்கத்து வெண்ணெய்ச் சாறான ‘பெர் பிளான்’ ஊற்றிய ஆற்றுமீனும் அருமை. மாட்டிறைச்சிக்கு வேண்டாம், வைன் காணாமல் போய்விடும்.

8 முதல் 10 டிகிரி குளிர்ச்சியில் ஊற்றுங்கள்.